பழுதுபார்க்கும் உரிமையும் மென்பொருள் பூட்டும்

நீடித்து உழைக்கும் நுகர்பொருள் ஒன்றின் உண்மையான விலை, அதை வாங்கும் நாளில் கடைக்காரரிடம் கொடுக்கும் தொகை மட்டுமன்று. அப்பொருள் எத்தனை ஆண்டுகள் பயன்படும், இடையில் பழுதுபட்டால் எவ்வளவு செலவில், எவ்வளவு விரைவில் சீராகும் என்பனவும் சேர்ந்தே அதன் விலையை நிர்ணயிக்கின்றன. வருமானம் குறைந்த குடும்பங்கள் மிகுந்த நம் நாட்டில் இக்கணக்கைப் பெரும்பாலோர் நடைமுறையில் அறிந்தே வைத்திருக்கின்றனர். வானொலிப் பெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி, பாசனப் பம்புசெட்டு ஆகிய யாவும் பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, பல கை மாறி உழைத்து வந்துள்ளன. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்கள் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் திறனுக்கு நாடு முழுவதிலும் பெயர் பெற்றவை.

இந்நிலையில் அண்மைக் காலத்தில் ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்துள்ளது. கைப்பேசி, மோட்டார் வாகனம், டிராக்டர், சலவை இயந்திரம், மருத்துவமனைக் கருவி என்று பல சாதனங்களுக்குள் இன்று ஒரு சிறு கணினி அமர்ந்திருக்கிறது. சாதனம் இயங்குவதும் நிற்பதும் அக்கணினியில் பதிக்கப்பட்டுள்ள மென்பொருளைப் பொறுத்திருக்கின்றன. முன்பு திருகாணியும் கம்பியும் தெரிந்தவர் பழுதைக் கண்டுபிடித்துவிடுவார். இன்று பழுது எது என்பதைச் சொல்வதும், மாற்றிய பாகத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதும் மென்பொருளே. அம்மென்பொருளின் கட்டுப்பாடோ பொருளை வாங்கியவரிடம் இல்லை, தயாரித்தவரிடமே தங்கிவிடுகிறது. இதனால் நுகர்வோருக்கு ஏற்படும் இழப்பு யாது, அதைத் தடுக்கச் சட்டம் எந்த அளவு உதவுகிறது, இன்னும் செய்யவேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பூட்டுகள் நான்கு வகை

மென்பொருள் வழியாகப் பழுதுபார்ப்பு தடைப்படும் முறைகளை நான்காகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, பழுதறியும் கருவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வது. புதிய வாகனமொன்றில் கோளாறு ஏற்பட்டால் அதன் கணினி ஒரு பிழைக் குறியீட்டைப் பதிவு செய்கிறது. அக்குறியீட்டைப் படிக்கவும், பழுது நீங்கியபின் அதை அழிக்கவும், புதிய பாகத்தைக் கணினிக்கு அறிமுகப்படுத்தவும் தனி மென்பொருள் தேவை. அதனை அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளுக்கு மட்டும் வழங்கினால், தெருவிலுள்ள மெக்கானிக் எவ்வளவு தேர்ந்தவராயினும் அவரால் வேலையை முடிக்க இயலாது.

இரண்டாவது, பாகங்களைப் பிணைத்தல். ஒரு கைப்பேசியின் திரை, மின்கலம், கேமரா ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிசை எண் கொடுத்து, அவ்வெண்களைக் கைப்பேசியின் மூலச் சில்லோடு மென்பொருள் மூலம் இணைத்துவிடுவர். அதே நிறுவனத்தின் அதே ரகக் கைப்பேசியிலிருந்து எடுத்த அசல் பாகத்தைப் பொருத்தினாலும், எண் மாறியிருப்பதால் சில வசதிகள் இயங்காமல் போகலாம். அல்லது எச்சரிக்கை வாசகம் திரையில் தோன்றிக்கொண்டே இருக்கலாம். பழைய கருவிகளிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றிப் பயன்படுத்தும் சிறு தொழிலை இம்முறை பெரிதும் பாதிக்கிறது.

மூன்றாவது, மென்பொருள் ஆதரவை நிறுத்திவிடுதல். கருவியின் உடற்பகுதி நன்றாகவே இருக்கும். ஆயினும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றபின், வங்கிச் சேவை போன்ற செயலிகள் நாளடைவில் அதில் இயங்க மறுக்கும். பழுதே இல்லாத பொருள் பயனற்ற பொருளாகிவிடுகிறது.

நான்காவது, உரிம ஒப்பந்தம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பனை முடிந்தவுடன் பொருளின் உடைமை வாங்கியவரைச் சேர்கிறது. ஆனால் உள்ளிருக்கும் மென்பொருளை அவர் வாங்குவதில்லை. பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே பெறுகிறார். பல பக்கங்கள் நீளும் அவ்வொப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவர் மிகச் சிலரே. படித்தாலும் ஒரு வரியையேனும் மாற்றக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

பொருளாதார விளைவுகள்

பொருளியல் நோக்கில் இங்கு இரு சந்தைகள் உள்ளன. பொருளை விற்கும் முதற்சந்தை ஒன்று. விற்றபின் உதிரி பாகங்களையும் பழுதுபார்ப்பையும் வழங்கும் பின்சந்தை மற்றொன்று. முதற்சந்தையில் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. ஆனால் ஒரு நிறுவனத்தின் பொருளை வாங்கியவுடன், பின்சந்தையில் நுகர்வோர் அந்நிறுவனத்தோடு கட்டுண்டுவிடுகிறார். பழுதுபார்ப்புக் கட்டணம் அதிகம் என்பதற்காக யாரும் வாகனத்தையே மாற்றிவிட முடியாது. ஆகவே முதற்சந்தையில் நிலவும் போட்டி, பின்சந்தையில் நுகர்வோரைக் காப்பாற்றுவதில்லை.

வாங்கும்போதே ஆயுட்காலச் செலவைக் கணக்கிட்டு வாங்கலாமே என்று சிலர் வாதிடுவர். அதற்குத் தேவையான தகவல் நுகர்வோரிடம் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரையின் விலை என்னவாக இருக்கும், புதுப்பிப்பு எந்த ஆண்டு நிற்கும், எந்தப் பாகம் பிணைக்கப்பட்டது என்பனவற்றைத் தயாரிப்பாளரே அறிவார்.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். 15,000 ரூபாய்க்கு வாங்கிய கைப்பேசி மூன்றாண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 5,000 ரூபாய். மூன்றாண்டு முடிவில் 1,500 ரூபாய்க்கு மின்கலத்தை மாற்ற முடிந்து, மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்தால், 16,500 ரூபாயை ஐந்தால் வகுக்க ஆண்டுச் செலவு 3,300 ரூபாயாகக் குறைகிறது. அதே மாற்றத்துக்கு 6,000 ரூபாய் கேட்கப்பட்டால் ஆண்டுச் செலவு 4,200 ரூபாய். கணக்குப்படி இப்போதும் பழுதுபார்ப்பதே இலாபம். ஆயினும் பழைய கருவிக்காக இவ்வளவு தொகை செலவிட அஞ்சி, பலர் புதியதையே வாங்கிவிடுவர். பழுதுபார்ப்பின் விலையை உயர்த்துவதே புதுப் பொருள் விற்பனைக்கு ஒரு தூண்டுகோலாக அமைந்துவிடுவதை இதிலிருந்து உணரலாம்.

இழப்பு நுகர்வோரோடு நின்றுவிடுவதில்லை. சிறு பழுதுபார்ப்புக் கடைகள் குறைந்த முதலீட்டில் சுயவேலை அளிப்பவை. அவற்றின் தொழிலும் சுருங்குகிறது. பழுதுபார்க்க இயலாத பொருளைப் பழைய பொருளாக வாங்குவோரும் குறைவர். ஆகவே அதன் மறுவிற்பனை மதிப்பும் வீழ்கிறது. இவற்றுக்கு மேலாக, 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கழிவைச் சேகரிப்பதைக் காட்டிலும் கழிவாகாமல் காப்பது சிக்கனமானது என்பதில் ஐயமில்லை.

மோட்டார் வாகன வழக்கு தரும் பாடம்

இப்பிரச்சினையை நம் நாட்டில் முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தது இந்தியப் போட்டி ஆணையமே எனலாம். 2011ஆம் ஆண்டில் வந்த ஒரு புகாரின் மீது நடந்த விசாரணையின் முடிவில், 2014 ஆகஸ்டு 25 அன்று ஆணையம் தன் உத்தரவைப் பிறப்பித்தது. 14 கார் தயாரிப்பு நிறுவனங்கள் அசல் உதிரி பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காதவாறு கட்டுப்படுத்தின என்று அது முடிவு செய்தது. ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது.

அபராதத் தொகையைவிட, உத்தரவின் அடிப்படை வாதங்களே முக்கியமானவை. ஒவ்வொரு நிறுவனத்தின் உதிரி பாகங்களும் ஒரு தனிச் சந்தை. அதில் அந்நிறுவனமே ஆதிக்க நிலை வகிக்கிறது என்று ஆணையம் கண்டது. வாங்கும்போது ஆயுட்காலச் செலவைக் கணிக்க நுகர்வோரால் இயலாது என்பதையும் ஏற்றது. அறிவுசார் சொத்துரிமை என்ற காரணத்தைக் காட்டிப் பாகங்களின் விற்பனையைத் தடுத்ததை அது ஒப்புக்கொள்ளவில்லை. பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவேண்டும். வெளியாரிடம் பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்தல் கூடாது என்றும் பணித்தது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களைப் பொறுத்தவரை மீறல் நிகழ்ந்தது என்னும் முடிவை நிலைநிறுத்தி, அபராதத்தை மட்டும் குறைத்தது. வழக்குகள் அதன்பின் உயர்நிலை நீதிமன்றங்களுக்கும் சென்றன.

இதில் அதிகாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. புகார் வந்ததற்கும் ஆணையத்தின் உத்தரவுக்கும் இடையில் மூன்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. மேல்முறையீட்டுக்கு மேலும் இரண்டாண்டுகள் ஆயின. அதற்குள் வாகனங்களில் மென்பொருளின் பங்கு பன்மடங்கு பெருகிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப, எரிபொருள் செலுத்துவதும் புகையைச் சுத்திகரிப்பதும் மின்னணுக் கட்டுப்பாட்டின்கீழ் வந்துள்ளன. வழக்குக்குப் பின் வழக்கு என்ற முறையில் மட்டும் இவ்வளவு வேகமான மாற்றத்தை எதிர்கொள்ள இயலாது. முன்கூட்டியே விதிகள் வேண்டும்.

வயலிலும் அதே பூட்டு

அமெரிக்க விவசாயிகளின் அனுபவம் நமக்கு எச்சரிக்கையாக அமைகிறது. அங்கு டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் பெரும்பாலும் மென்பொருளால் இயங்குபவை. ஓர் உணரி பழுதானால் இயந்திரம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். விவசாயி தாமே புதிய உணரியைப் பொருத்தினாலும், அங்கீகரிக்கப்பட்ட முகவர் தம் கணினியுடன் வந்து ஒப்புதல் தரும்வரை காத்திருக்க நேரிடுகிறது. அறுவடைக் காலத்தில் மூன்று நாள் தாமதம் என்பது விளைச்சலில் ஒரு பகுதியை இழப்பதாகும்.

ஜான் டியர் நிறுவனம் முழுமையான பழுதறியும் மென்பொருளைத் தன் முகவர்களுக்கு மட்டுமே அளிக்கிறது, இதனால் விவசாயிகள் கூடுதல் செலவுக்கும் தாமதத்துக்கும் ஆளாகின்றனர் என்று குற்றஞ்சாட்டி, அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் இரு மாநிலங்களும் 2025 ஜனவரியில் வழக்கு தொடுத்தன. இதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2023 ஜனவரியில், பழுதுபார்ப்புத் தகவல்களை அளிப்பதாக அந்நிறுவனம் விவசாயிகள் சங்கம் ஒன்றோடு உடன்படிக்கை செய்திருந்தது. தாமாக முன்வந்து அளிக்கும் வாக்குறுதி சட்டத்துக்கு ஈடாகாது என்று கருதிய கொலராடோ மாநிலம், அதே 2023இல் விவசாய இயந்திரங்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

நம் நாட்டில் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. அதனுடன் அவற்றில் மின்னணுக் கட்டுப்பாடும் நுழைந்துள்ளது. நம் விவசாயிகளிடம் உள்ள டிராக்டர்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்கு உட்பட்டவை. உள்ளூர் மெக்கானிக்குகள் அவற்றை இன்றும் பழுதுபார்த்துத் தருகின்றனர். பூட்டு பரவுவதற்கு முன்பே அதற்கான விதியை வகுக்கும் வாய்ப்பு நமக்கு இன்னும் இருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டமும் பழுதுபார்ப்பும்

மென்பொருள் பூட்டைத் திறப்பது குற்றமா என்ற கேள்வி இங்கு எழுகிறது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பதிப்புரிமைப் படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டைத் திறப்பதையே பொதுவாகத் தடை செய்கிறது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகள் அறிவிக்கப்படுகின்றன. 2015இல் டிராக்டர் உள்ளிட்ட வாகனங்களுக்கும், 2018இல் கைப்பேசிகளுக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் பழுதுபார்ப்பு விலக்கு கிடைத்தது. ஆனால் பூட்டைத் திறக்கும் கருவியை விற்பதற்கு அவ்விலக்கு பொருந்தாது. விவசாயி தம் பூட்டைத் தாமே திறக்கலாம். அதற்கான சாவியை அவருக்கு யாரும் விற்கக் கூடாது என்ற விந்தையான நிலை அங்கு நிலவுகிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இதைவிட நிதானமானது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பாதுகாப்பை முறியடிப்பதையே அது குற்றமாகக் கருதுகிறது. இதற்கு ஈராண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. அச்சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்யப்படும் செயலுக்கு விலக்கும் அளித்துள்ளது. மேலும் 52ஆம் பிரிவின்படி, கணினி நிரலைச் சட்டப்படி பெற்றவர், அது எந்நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அந்நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்காக அதைப் படியெடுப்பதும் தகவமைப்பதும் மீறலாகாது. தம் சொந்தக் கருவியை மீண்டும் இயங்கச் செய்பவர் பிறர் படைப்பைத் திருடுபவர் அல்லர் என்ற கருத்துக்கு நம் சட்டத்தில் இடமிருக்கிறது. எனினும் பழுதுபார்ப்பு என்ற சொல் அப்பிரிவில் இல்லை. சிறு கடைக்காரர் சட்ட வாதத்தை நம்பி வழக்கை எதிர்கொள்ள மாட்டார். அச்சொல் தெளிவாக இடம்பெறுவது அவருக்கு உண்மையான பாதுகாப்பாகும்.

தயாரிப்பாளரின் வாதங்கள்

மறுதரப்பு வாதங்களையும் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். லித்தியம் மின்கலத்தைத் தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும் என்பது உண்மை. பாகங்களைப் பிணைப்பதால் திருட்டுக் கைப்பேசிகளைப் பிரித்து விற்பது குறைகிறது என்பதிலும் நியாயம் உண்டு. வாகனத்தின் மென்பொருளில் கை வைத்துப் புகைக் கட்டுப்பாட்டையே செயலிழக்கச் செய்வோரும் இருக்கின்றனர்.

ஆயினும் இவை பூட்டுக்கு எல்லை வகுப்பதற்கான காரணங்களேயன்றி, எல்லாவற்றையும் பூட்டுவதற்கான காரணங்கள் ஆகா. மின்கலத்தால் வரும் ஆபத்தை நீக்கக் கையேடும் பயிற்சியும் தரமான பாகமும் கிடைக்கச் செய்யவேண்டும்; இவை மறுக்கப்படும் இடத்தில்தான் தரமற்ற போலி மின்கலம் நுழைகிறது. திருட்டைத் தடுப்பதற்கு, பாகம் திருடப்பட்ட கருவியைச் சேர்ந்ததா என்று மென்பொருள் சோதித்தால் போதும். சட்டப்படி கிடைத்த பாகத்தை மறுக்கத் தேவையில்லை. புகைக் கட்டுப்பாட்டு நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டே, பிழைக் குறியீட்டைப் படிக்கும் வசதியை எல்லாருக்கும் அளிக்க இயலும். பாதுகாப்பை முன்னிட்டு வைக்கப்படும் பூட்டு எது, இலாபத்துக்காக வைக்கப்படும் பூட்டு எது என்று பிரித்தறிவதே அரசின் பொறுப்பாகும்.

நடுவர் அமைப்புகள் இவ்வாறு பிரித்தறிந்தமைக்கு முன்னுதாரணங்கள் உள்ளன. வெளியாரிடம் பழுதுபார்க்கப்பட்ட சில ஆப்பிள் கருவிகள் புதுப்பிப்புக்குப் பின் செயலிழந்தன. இத்தகைய வாடிக்கையாளர்களுக்கு நிவாரணம் பெறத் தகுதியில்லை என்று கூறியதற்காக அந்நிறுவனத்துக்கு ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. புதுப்பிப்பு பழைய கைப்பேசிகளின் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்பதை நுகர்வோருக்குத் தெரிவிக்காததற்காக, அதே நிறுவனம் 2020இல் பிரான்சில் 2 கோடியே 50 லட்சம் யூரோ செலுத்த நேர்ந்தது.

பிற நாடுகளின் விதிகள்

பிரான்சு 2021 ஜனவரி முதல் கைப்பேசி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்குப் பழுதுபார்ப்புக் குறியீட்டெண்ணைக் கட்டாயமாக்கியது. பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை வாங்குபவர் கடையிலேயே காணலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைப்பேசிகளுக்கு, விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பும், ஏழாண்டுகள் முக்கிய உதிரி பாகங்களும் கிடைக்கவேண்டும். 2024இல் அவ்வொன்றியம் பிறப்பித்த பழுதுபார்ப்பு ஆணை, நியாயமான காரணமின்றிப் பழுதுபார்ப்பைத் தடுக்கும் ஒப்பந்த வாசகங்களையும் மென்பொருள் உத்திகளையும் விலக்குகிறது. உறுப்பு நாடுகள் அதை 2026 ஜூலை 31 முதல் செயற்படுத்தவேண்டும் என நாளும் குறித்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், பழுதுபார்ப்பைத் தடுக்கும் வகையில் பாகங்களைப் பிணைப்பதைத் தடை செய்த முதற் சட்டமாகும்.

நம் நாட்டில் மேற்கொள்ளப்பட்டவை

மத்திய நுகர்வோர் விவகாரங்கள் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு தேசிய நுகர்வோர் தினமான டிசம்பர் 24 அன்று, நிறுவனங்களின் பழுதுபார்ப்புத் தகவல்களை ஓரிடத்தில் தரும் இணையத்தளம் தொடங்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மற்றொரு குழு, கைப்பேசிகளுக்கும் கைக்கணினிகளுக்கும் பழுதுபார்ப்புக் குறியீட்டெண் முறையைப் பரிந்துரைத்து அறிக்கை அளித்தது. பிரித்தெடுக்கும் எளிமை, தகவல், பாகங்கள், கருவிகள் ஆகியவற்றுடன் மென்பொருள் புதுப்பிப்பையும் ஓர் அளவுகோலாக அது சேர்த்துள்ளது குறிப்பிடத்தக்கது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்கிறது. வேண்டுமென்றே தகவலை மறைப்பது அச்சட்டப்படி சேவைக் குறைபாடாகும். நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் மாற்றிவிடும் நேர்மையற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்திலும் தேசிய ஆணையத்திலும் முறையிடலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வாய்ப்பு இருக்கவில்லை. மென்பொருள் உரிம ஒப்பந்தங்களை இப்பிரிவின்கீழ் சோதித்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

இனிச் செய்யவேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, உதிரி பாகம் கிடைத்தாலே பழுதுபார்க்கும் உரிமை நிறைவேறிவிட்டது என்று எண்ணுதல் கூடாது. பாகத்தை ஏற்கச் செய்யும் மென்பொருளும் பிழைக் குறியீட்டின் விளக்கமும் அவ்வுரிமையின் பகுதிகள் என விதிகள் தெளிவாகக் கூறவேண்டும். இரண்டாவதாக, புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை கிடைக்கும், எந்தப் பாகங்கள் பிணைக்கப்பட்டுள்ளன என்பவற்றைப் பெட்டியின்மீதே அச்சிடச் செய்யவேண்டும். மூன்றாவதாக, தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் பழுதறியும் மென்பொருளைக் கையாளும் பயிற்சிக்கு இடமளிக்கவேண்டும். பூட்டு திறந்தும் திறமை இல்லாவிடில் பயனில்லை.

நான்காவது ஆலோசனை அரசு அலுவலகங்களுக்கே உரியது. கணினி, வாகனம், மருத்துவக் கருவி, பம்புசெட்டு ஆகியவற்றைப் பெருமளவில் கொள்முதல் செய்வது அரசாகும். பணிக் கையேடு, பழுதறியும் மென்பொருள், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரி பாகம் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாகச் சேர்த்தால், புதிய சட்டத்துக்குக் காத்திராமலே சந்தையில் ஒரு மாற்றத்தைத் தோற்றுவிக்க முடியும். மாவட்ட மருத்துவமனையில் ஒரு கருவி, பிழைக் குறியீட்டைப் படிக்க ஆளில்லாமல் வாரக்கணக்கில் முடங்கிக் கிடப்பதால் வரும் இழப்பைத் தணிக்கைக் கணக்கு காட்டாது, நோயாளிகள் அறிவர்.

நுகர்வோரும் தம் பங்கைச் செய்யவேண்டும். வாங்குமுன் புதுப்பிப்புக் காலத்தையும் மின்கல மாற்றுச் செலவையும் கேட்டறிவதும், வெளியாரிடம் பழுதுபார்த்ததற்காக மட்டும் உத்தரவாதம் மறுக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வதும் நல்ல தொடக்கமாகும். இத்தகைய புகார்கள் ஓரிடத்தில் திரண்டால்தான், எந்தச் சாதனத்தில் எந்தப் பூட்டு மக்களை வருத்துகிறது என்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிந்து நடவடிக்கை எடுக்க இயலும்.

தயாரிப்பாளரின் ஆராய்ச்சிக்கும் முதலீட்டுக்கும் உரிய பலன் கிடைக்கவேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. அப்பலன் பொருளின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. விலையை முழுமையாகச் செலுத்தியபின், அப்பொருள் எத்தனை காலம் உழைக்கும், அதை யாரிடம் கொடுத்துச் சீர்செய்வது என்பவற்றை முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே சேரவேண்டும். விவசாயிக்கும், சிறு கடைக்காரருக்கும், மாதச் சம்பளக் குடும்பத்துக்கும் இவ்வுரிமையை உறுதி செய்யும் விதிகளை விரைந்து வகுப்பது, நுகர்வோர் நலனுக்கும் நாட்டின் வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கும் இன்றியமையாததாகும்.